சிவப்பு காதுப் பக்கம் நிற்க வேண்டும்

மூக்குக் கண்ணாடிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், இந்த விஷயத்துக்குள் குச்சனூர் சனீஸ்வர பகவானும் வருகிறார். நான் கும்பிடும் சாமியை நானே கேலி செய்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? என் முதலாளி மனம் வருந்துவாரோ என்றும் இருந்தது. போன மாதம் அவரே என்னைக் கூப்பிட்டார். கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறார் இப்போது. "ஏப்பா, அந்தப் போடிமெட்டு டிரைவர் கதைய எழுதிப் போடேன். புதுப் பயலுகளுக்கு ஆகும். என்னைய நல்லவனா எழுதணும்னு இல்ல. நடந்தத எழுது" என்றார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

சின்னமனூரில் ஒரே கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். மதுரையிலிருந்து லென்ஸ் பஸ் பார்சலில் வரும். அதை ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்து மாட்டித் தருவது என் வேலை. தேய்ப்பதையும் திருகு முடுக்குவதையும் உங்கள் கடையில் சொல்லித் தருவார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கடை முழுக்க "குடுத்து விடு" என்று சொல்லும்போது "குடுக்க மாட்டேன்" என்று நிற்பது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் பிரிசத்தைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிப் புத்தகத்தில் முப்பட்டகம் என்று படித்திருப்பீர்கள். சிலருக்கு இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காது. ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். அவர்களுக்கு டாக்டர் பிரிசம் எழுதுவார். லென்ஸின் ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு, ஆப்பு மாதிரி. அதற்குள் நுழைந்து வெளியேறும் ஒளி தடித்த பக்கமாக வளையும். பார்க்கும் பொருளோ மெலிந்த பக்கமாக நகர்ந்து தெரியும். அப்படி நகர்த்தி, பிரிந்து கிடக்கும் இரண்டு உருவத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை.

சேர்த்து வைக்கும் அதே கண்ணாடி இன்னொன்றைப் பிரித்தும் காட்டும். வெள்ளை வெளிச்சம் ஒற்றை ஆள் இல்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். நேர் ரோட்டில் எல்லாரும் ஒரே மூட்டை மாதிரி இருப்பார்கள். கொண்டை ஊசி வளைவு வந்தால்தான் யார் எவ்வளவு சாய்கிறார்கள் என்று தெரியும். வெளிச்சத்துக்குள் இருக்கும் நிறங்களும் அப்படித்தான். வளைவில் ஊதா அதிகம் சாயும், சிவப்பு குறைவாகச் சாயும், மற்றவை நடுவில். கண்ணாடி எந்த நிறத்தையும் பூசுவதில்லை. உள்ளே சேர்ந்து வந்தவர்களைத் தனித்தனியாக இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதனால் பலமான பிரிசம் வழியாக, நிமிர்ந்து நிற்கும் வெள்ளை டியூப்லைட்டைப் பார்த்தால் ஒரு ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் கசியும். தடித்த பக்கம் சிவப்பு. மெலிந்த பக்கம் நீலம். இது மாறவே மாறாது. ஆனால் ஜன்னல் கம்பியில் பார்த்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கும் கறுத்த கம்பியில் நிறம் இடம் மாறித் தெரியும், ஏமாந்து போவீர்கள். இதை எனக்குச் சொன்னவர் மதுரை லென்ஸ் பட்டறையில் இருந்த ஒரு அக்கா. முகம் பார்த்ததில்லை. போனில் சண்டை போட்டுக்கொண்டே சொன்னார்: "பிரிசத்த டியூப்லைட்ல காட்டாம ஆளு கையில குடுக்காதீக. அப்புறம் எங்க மேல பழியப் போடாதீக." அந்தச் சண்டைக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

செல்லப்பாண்டி என்று ஒரு ஜீப் டிரைவர், மார்க்கையன்கோட்டைக்காரர். விடிந்ததும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஜீப் இன்னொருவருடையது. சர்க்கரை ஏறியதில் வலது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு தளர்ந்து, கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கிவிட்டது. பார்ப்பதெல்லாம் இரண்டாகிவிட்டது. தேனி டாக்டர் இரண்டு லென்ஸிலும் பலமான பிரிசம் எழுதினார். இரண்டுக்கும் தடிப்பு காதுப் பக்கம் வர வேண்டும். கண்ணாடி போட்டுச் சில நாள் கழித்து வந்து காட்டு, அதன் பிறகு ஜீப்பைத் தொடு என்றும் சொல்லியிருந்தார். ஜீப்காரரோ, திங்கட்கிழமை காலையில் வராவிட்டால் சாவி வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். செல்லப்பாண்டி டாக்டர் சொன்னதை மறைத்துக்கொண்டார், ஜீப்காரர் சொன்னதை மட்டும் எங்களிடம் சொன்னார்.

லென்ஸ் வந்தது ஆடிச் சனிக்கிழமை. ஆடிச் சனி என்றால் குச்சனூரில் கூட்டம் தாங்காது. நான் எள் விளக்குப் போடப் போய்விட்டேன். அவசரம் என்று முதலாளியே தேய்த்து மாட்டிவிட்டார். நல்ல கைதான் அவருக்கு.

ஞாயிறு சாயங்காலம் செல்லப்பாண்டி கண்ணாடி வாங்க வந்தார். கூட பேச்சியக்கா. தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைவி மாதிரி. "இவன் கண்ணு தெளிஞ்சாத்தேன் நாளைக்கு ஏறுவோம்னு பொம்பளைக எல்லாம் சொல்லிட்டாக. நான் பாத்துட்டுப் போயிச் சொல்லணும்" என்றார். இன்னும் சிலர் கண்ணாடிக்காகப் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். யார் புதுக் கண்ணாடி மாட்டினாலும் முதல் பார்வை சாமிப் படத்தில்தான். சனீஸ்வரர் படத்தை யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள். முதலாளிக்குச் சொந்த ஊரே குச்சனூர். எங்கள் சாமியை நாங்கள் வைக்காமல் யார் வைப்பது என்று மாட்டி, சுற்றிலும் வெள்ளைச் சீரியல் விளக்கும் போட்டிருந்தார்.

"மொதல்ல சாமியப் பாருப்பா" என்றார்.

செல்லப்பாண்டி கண்ணாடியோடு படத்தின் முன் நின்றார். முகத்தை வலப்பக்கம் திருப்பி, கண்ணை இடப்பக்கம் ஓட்டி, ஓரப்பார்வையாகப் பார்த்தார். எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கோயிலிலும் சற்று ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவோம். மனுசனுக்கு என்ன பக்தி என்றுதான் நினைத்தோம்.

"எப்பிடித் தெரியுது?"

"சாமியச் சுத்தி வானவில்லு கட்டுன மாதிரி இருக்குண்ணே."

பேச்சியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியாலே! ஏழரை போயி ஏழு கலரு வந்துருச்சு. சுகர் மாத்திரைய ஒழுங்கா முழுங்கு, இனி ஒனக்கு ஏறுமுகந்தேன்."

"ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதேண்ணே. ஒண்ணே ஒண்ணு."

நானும் கும்பிட்டேன். என் கண்ணும் கலங்கியது. முந்தின நாள் போட்ட எள் விளக்குக்குச் சாமி இவர் வழியாகப் பதில் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு டீ வந்தது. செல்லப்பாண்டி முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு டம்ளரை வாங்கினார். பேச்சியக்கா எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, "முருகனையும் கும்பிட்டுக்கடா" என்றார். அவர் திரும்பினார். அதே வலப்பக்கம், அதே ஓரப்பார்வை.

எனக்குச் சுருக்கென்றது. முருகனை நேராகப் பார்க்கக் கூடாது என்று எந்த ஊரிலும் சொல்லவில்லையே. சரியான பிரிசம் போட்டால் தலை நேராக வேண்டும். தலையைத் திருப்பித்தான் பார்க்க முடிகிறது என்றால், அந்தக் கண்ணாடி வேலை செய்யவில்லை.

"குடுங்க, தொடச்சுத் தாரேன்" என்று வாங்கினேன். கடை முகப்பில் நிமிர்த்தி மாட்டியிருந்த டியூப்லைட்டை வலது லென்ஸ் வழியாகப் பார்த்தேன். நீலம் காதுப் பக்கம். சிவப்பு மூக்குப் பக்கம். இடது லென்ஸிலும் அப்படியே. வலது லென்ஸ் இடது கண்ணுக்கும் இடது லென்ஸ் வலது கண்ணுக்கும் மாறி உட்கார்ந்திருந்தன. ஒன்றாகச் சேர்த்து வைக்க வேண்டியது, இன்னும் தள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தூரத்தில் இருப்பதைப் பார்க்க மைனஸ் பவரும் இருந்ததால் இரண்டு ஓரமும் தடிப்பு. விரலால் தடவினால் தெரியாது.

முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டேன். "மொதலாளி, இது தெசை மாறிக் கெடக்கு."

"மெசின்ல பவர் பாத்துட்டுத்தானப்பா மாட்டுனேன்?"

"பவர் ரெண்டுலயும் ஒண்ணுதேன். தெசைதான் மாறிப்போச்சு. வலது, எடதுன்னு எழுதுன கவர்லருந்து ரெண்டு லென்சையும் ஒண்ணா எடுத்து மேசையில வச்சீகளா?"

பதிலுக்குச் சத்தம்தான் வந்தது. தனியாகக் கூப்பிட்டது வீணாகிவிட்டது. "அப்ப நான் தப்பா மாட்டிட்டேங்கிற? போட்டவனே ஒண்ணாத் தெரியுதுங்கிறான். ஒனக்கென்ன வந்துச்சு? குடுத்து விடு!"

செல்லப்பாண்டி ஓடி வந்தார். "அண்ணே, குடுங்கண்ணே. எனக்கு நல்லாத் தெரியுது."

பேச்சியக்கா விடவில்லை. "என்னண்ணே நீங்க? நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்து இன்னிக்கு இப்பிடி மல்லுக்கு நிக்கிறீக? சாமியே கண்ணத் தொறந்துட்டாரு. நீங்க மூடப் பாக்குறீகளே!"

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். "அவருக்கு மொதலாளி மாட்டுனது பொறுக்கல போல."

தம்பி தங்கைகளே, இந்த இடம்தான். உங்களுக்கும் ஒருநாள் வரும். கண்ணாடி போட்டவர் நன்றாக இருக்கிறது என்பார். முதலாளி கொடு என்பார். காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சாமியே உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது போல இருக்கும். உங்கள் பக்கத்தில் ஒரு டியூப்லைட்டும் ஒரு சிவப்புக் கோடும் மட்டும் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

நான் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இத நான் குடுக்க மாட்டேன், மொதலாளி. யாரையும் குடுக்கவும் விட மாட்டேன்."

"இது யாரு கடை?"

"ஒங்க கடைதேன். மலை ரோடு ஒங்க ரோடு இல்ல."

"அப்ப கடைய விட்டு எறங்கு."

"எறங்குறேன். கண்ணாடியோட எறங்குறேன்."

வீடு வாசல், பிள்ளை குட்டி என்று இருப்பவனுக்கு அந்த வார்த்தை லேசில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த ஜீப்பில் ஏறப் போகிறவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். "ஆத்தா, ஜீப்புல நீ எங்கன உக்காருவ?"

"டிரைவருக்குப் பக்கத்துல. எதுக்குக் கேக்குறீக?"

"அப்ப இங்கன வந்து இவருக்கு நேரா நில்லு."

செல்லப்பாண்டியை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டேன். திருப்பப் பார்த்தார். விடவில்லை.

"சாமி மேல சத்தியமெல்லாம் வேணாம். சாமிய இதுக்குள்ள இழுக்காத. இந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எத்தன பேரு நிக்கிறாக?"

பெஞ்சில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருண்ணே."

பேச்சியக்கா தன் பக்கத்தில் யாரோ நிற்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு, தல சுத்தும். இப்பத் தள்ளித் தள்ளி இருக்கு. நெசம் எது, நெழலு எதுன்னு பிரிச்சுக்கிருவேன்க்கா. ஓட்டிருவேன்" என்றார் செல்லப்பாண்டி.

"ஏலே! வளைவுல எதுக்க பஸ்ஸு வந்தா எந்த ரோட்டுல திருப்புவ? நெசத்துலயா, நெழல்லயா?"

"நாளைக்குப் போகலேன்னா ஜீப்பு போயிரும்க்கா."

"போனாப் போகட்டும்! நாங்க போயிச் சேர்றதுக்குப் பதிலா அந்த ஜீப்பு போகட்டும்டா!" பேச்சியக்கா அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பைக்குள்ளயே வையுங்கண்ணே."

முதலாளி கல்லாவைப் பூட்டினார். "நாளைக்கு வராத" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "சனிக்கெழம போயிக் கும்பிட்டீக, ஞாயித்துக்கெழமயே வேலையப் போக்கிட்டு வந்துட்டீக. நல்ல வரந்தேன் வாங்கியிருக்கீக" என்றாள். சோற்றைப் போட்டு வைத்தபின், "குடுத்துட்டு வந்திருந்தீகன்னா ஒங்களுக்கு இன்னிக்குச் சோறு எறங்கியிருக்காது" என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஜீப்பை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போனார். செல்லப்பாண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்று, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று தெருக் கேட்கத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் மறுபடி அதே நிலை வந்தால் மறுபடி அதையேதான் செய்வேன். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஓரம் தேய்த்த லென்ஸை மாற்றி மாட்ட முடியாது, வடிவம் ஒத்துப்போகாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும். முதலாளி கடையைப் பூட்டிவிட்டு, பார்சலுக்குக் காத்திருக்காமல், தானே பஸ் ஏறி மதுரைக்குப் போனார். பட்டறையில் உட்கார்ந்து லென்ஸை வாங்கிக்கொண்டு, நேரே என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை.

"எந்திரிச்சு வா. நீயே தேயி. அந்த டியூப்லைட்ட எப்பிடிப் பாக்குறதுன்னு எனக்குங் காட்டு" என்றார்.

தேய்த்து மாட்டி, அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். மறுபடி பார்த்தார். "செவப்பு காதுப் பக்கம்" என்றார், ஏதோ மந்திரத்தைத் திருப்பிச் சொல்வது போல.

செல்லப்பாண்டிக்குச் சொல்லி அனுப்பினோம். என் முகத்தைப் பார்க்காமல் வந்து நின்றார். பேச்சியக்காவும் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டேன். பழக்கத்தில் அவர் படத்தின் முன் போய் முகத்தை வலப்பக்கம் திருப்பினார்.

"நேரா பாரு" என்றேன்.

"ஐயையோ, சனீஸ்வரன நேரா பாக்கக் கூடாதுண்ணே!" என்று பேச்சியக்கா பதறினார்.

"இன்னிக்கு ஒருநாள் பாக்கட்டும் ஆத்தா. பாவம் இருந்தா அது எனக்கு. கோணப் பாத்தாத்தேன் எனக்குப் பயமா இருக்கு."

செல்லப்பாண்டி மெதுவாகத் தலையை நேராக்கினார். அப்படியே நின்றார்.

"வானவில்லு இப்பவும் இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"இருக்குண்ணே. செவப்பு இந்தப் பக்கம் வந்துருச்சு." கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எத்தன சாமி?" என்றேன் நான்.

படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைகூப்பினார். "ஒத்தச் சாமிண்ணே."

அந்த ஜீப் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு மலைக்குக் கீழே சமவெளியில் வாழைத்தார் வண்டி ஓட்டினார். வெகு நாள் கழித்துத்தான் மலையேறினார், வேறு ஜீப்பில், பக்கத்தில் பேச்சியக்காவோடு. என்னோடு பழையபடி பேசவும் நாளானது.

அந்த நிறங்கள் சாமி காட்டியது இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்துக்குள் அத்தனை நிறத்தையும் வைத்தது அவர்தான் என்று நான் நம்புகிறேன், சாகும்வரை நம்புவேன். ஆனால் லென்ஸை மாற்றி மாட்டியது அவர் இல்லை. நாம் செய்த தப்பை அருள் என்று சொல்லி அவர் தலையில் வைக்காதீர்கள். நீ என்ன டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை வீரனாக்க வேண்டாம், முதலாளியைக் கெட்டவராக்க வேண்டாம், செல்லப்பாண்டி சிரித்த முகத்தோடு நன்றி சொன்னதாகச் சேர்க்கவும் வேண்டாம். ஊர், பேர் மறந்து போனால்கூடப் போகட்டும். சிவப்பை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள். அது தடித்த பக்கம்தான் நிற்கும். எத்தனை வாய் மாறிப் போனாலும் அது அங்கேயே நிற்க வேண்டும்.